நஞ்சுக்கும் நன்னீருக்கும் இடையில்

பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எமது குடும்பங்களில் ஒருசில தொழில்களுக்கே பெயர் உண்டு. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் என்னும் நான்கையும் சொல்லி முடித்தால், எஞ்சியவை யாவும் ‘கந்தோர் வேலை’ என்னும் ஒரே பைக்குள் அடங்கிவிடும். என் அக்கா செய்யும் தொழிலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. சூழல் இரசாயனவியல், இரசாயன இடர் மதிப்பீடு என்று அதனை ஏட்டுத் தமிழிற் கூறலாம். கூறினாலும் கேட்பவர் முகத்தில் தெளிவு பிறப்பதில்லை. ஆகவே உறவினர் வீட்டுக் கலியாணங்களில், மூத்தவள் என்ன செய்கிறாள் என்று யாரேனும் வினவும்போது, “தண்ணி சோதிக்கிற இடத்திலை இருக்கிறாள்” என்று சொல்லிவிட்டு அம்மா வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மருத்துவபீடத்துக்குச் சில புள்ளிகள் போதாமற் போனதால் விஞ்ஞானபீடத்துக்குச் சென்ற பிள்ளை என்னும் பழைய ஏக்கமும் அந்த விடையினுள் ஒளிந்திருப்பதை நான் அறிவேன்.

கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நான் இத்தொழிலைப் பற்றி எழுத முனைவதற்குக் காரணம் ஒன்றுண்டு. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அக்கா ஓர் அறிவித்தலைத் தமிழில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் உள்ள கிணறுகளை அவர் பணியாற்றும் நிறுவனம் சோதித்திருந்தது. பெறுபேறுகள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கங்களில் இருந்தன. ஊர் வாசிகசாலையிலும் தாய்சேய் நல நிலையத்திலும் ஒட்டக்கூடியதாக அதனை ஒரு பக்கத் தமிழாக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் ஐந்து வாரங்களை எடுத்துக்கொண்டது. அவ்வைந்து வாரங்களில், அக்காவின் தொழில் எதுவென்பதை முதன்முறையாக விளங்கிக்கொண்டேன்.

அத்தொழில் வெளிப்பார்வைக்கு மிக எளியது. கழுவி உலர்த்திய போத்தல்கள், பனிக்கட்டி நிரப்பிய பெட்டி, பெயர்ச்சீட்டுகள், கயிறு கட்டிய வாளி. விடியற்காலையிற் புறப்பட்டுக் கிணற்றடிக்குச் சென்று, அந்தக் கிணற்று நீராலேயே போத்தலை முதலில் அலசி, பின்னரே மாதிரியை நிரப்புவார். போத்தலுக்குள் அகப்பட்ட பற்றீரியாக்கள், அளக்க வந்த பொருளை வழியிலேயே உண்டு மாற்றிவிடக்கூடும் என்பதாற்றான் பனிக்கட்டி. அதைவிட முக்கியமானது ஒரு கொப்பி. கிணற்றின் ஆழம், மலகூடக் குழி எத்தனை அடி தூரத்தில் உள்ளது, மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம், தோட்டத்தில் என்ன பயிர், எந்தப் பசளை, எப்போது போட்டது, கடைசி மழை என்று பெய்தது ஆகிய யாவும் அதில் ஏறும். ஆய்வுகூடத்திலே கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிரை மாதிரியினூடு செலுத்தி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது என அளப்பர். அதே கதிரை நீரிற் கரைந்துள்ள சேதனப் பொருள்களும் உறிஞ்சுமாதலால், வேறோர் அலைநீளத்திலும் அளந்து கழிக்க வேண்டும். இதுவரையில் அது இரசாயனம்.

இலக்கம் கைக்கு வந்தபின் தொடங்குவது இரண்டாவது தொழில். 1983 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை வெளியிட்ட ஒரு நூலை, அதன் அட்டையின் நிறங்கொண்டு ‘செந்நூல்’ என்றே இத்துறையினர் அழைப்பர். இடர் மதிப்பீடு என்பதை அந்நூல் நான்கு வினாக்களாக வகுத்தது. இப்பொருளால் என்ன தீங்கு நேரக்கூடும்? எவ்வளவு உட்கொண்டால் எவ்வளவு தீங்கு? யார், எவ்வழியாக, எவ்வளவு உட்கொள்கின்றனர்? இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்து நாம் சொல்லத்தக்கது என்ன? முதல் மூன்றுக்கும் ஆய்வுகூடமும் கணக்கும் உண்டு. நான்காவதற்கு மொழி வேண்டும். அங்கேதான் கலைப்பீடத்து மாணவன் ஒருவனுக்கு வேலை கிடைத்தது.

எங்கள் ஊர் வலிகாமத்துச் செம்மண் பரப்பில் உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை என்பதைச் சிறுவயதுப் புவியியற் பாடமே கூறும். மாரி மழை செம்மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் தங்குகின்றது. கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப்படையே எமது செல்வம். நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவராகவும் இருப்பது அதனாலேயே. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை போயிற்று. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி என ஆண்டு முழுவதும் பயிர், ஒவ்வொரு பயிருக்கும் பசளை, ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறும் ஒரு மலகூடக் குழியும். மழைநீர் இறங்கும் அதே வெடிப்பினூடு யூரியாவும் சாணமும் குழியின் கழிவும் நைத்திரேற்றாக மாறி இறங்குகின்றன. நைத்திரேற்று மண்ணில் ஒட்டிநில்லாது. நீர் போகும் இடமெல்லாம் போகும். இதனை 1980 களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் முதற்சிக்கல் முதல் வரியிலேயே எழுந்தது. ஆங்கிலத்தில் ‘ஹசாட்’ என்றும் ‘றிஸ்க்’ என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. நமது அறிக்கைகளிலோ ஆபத்து, அபாயம், இடர் என்னும் மூன்று சொற்கள் இரண்டுக்கும் மாறிமாறி வருகின்றன. படிப்பவர் எதனையும் பிரித்தறிய முடியாது. அக்கா எனக்கு ஒரு மணிநேரம் விளக்கினார்; எனக்கு விளங்கிற்று, ஆயினும் ஊருக்குச் சொல்லும் வழி தெரியவில்லை. ஈற்றில் கிணற்றையே உவமையாக்கினேன். கிணற்றின் ஆழம் அதன் தீங்கியல்பு. கட்டின் உயரம், அருகே விளையாடும் பிள்ளையின் வயது, பார்த்துக்கொள்ளும் கண்கள் என்பவற்றையும் அந்த ஆழத்தோடு சேர்த்து எண்ணிப் பெறுவது இடர். ஆழமான கிணறு எல்லாம் பிள்ளையை விழுங்குவதில்லை. ஆழமற்ற கிணறு எல்லாம் விட்டுவைப்பதுமில்லை. இதனைக் கேட்ட அக்கா, தம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்வோருக்கும் இதையே சொல்லப்போவதாகக் கூறினார். தமிழ்த்துறைக்கு விஞ்ஞானம் அளித்த முதல் நற்சான்று என்று அதனைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

சொற்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கூறவேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை எங்கள் ஊரில் எவரும் நஞ்சு என்பதில்லை, ‘மருந்து’ என்பர். மருந்தடித்தல், மருந்துக் கடை, மருந்துப் போத்தல். பயிரை நோயாளியாகக் கருதும் உழவனின் பரிவு அச்சொல்லில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல்லோடு பழகிய கை, உறை அணிய மறந்துவிடுகின்றது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளுக்கு ஒரு பதிவாளரை ஏற்படுத்தியது. மிகக் கொடிய நச்சுத்தன்மை உடையவை 1990 களின் நடுப்பகுதி தொடங்கிப் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995 இல் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த இந்நாட்டின் தற்கொலை வீதம், அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. அந்த முடிவுகளுக்குப் பின்னால் ஏதோவொரு கந்தோரில், கோப்புகளுக்கு நடுவே, எந்தப் பொருள் எத்தனை உயிர்களைக் கொள்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த சிலர் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளிடமும் கலியாண வீடுகளில், தகப்பன் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள்.

நிற்க. அறிவித்தலின் நடுநாயகம் ஓர் இலக்கம்: ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை அது. இலங்கைக் குடிநீர்த் தரமும் அதுவே. எங்கள் வளவுக் கிணற்றின் பெறுபேறு 68. ஐம்பது என்னும் இலக்கம் எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். இலக்கியத்திலே ஒரு பாடலின் பாடபேதம் தேடுவதுபோன்ற ஆவலோடுதான் கேட்டேன். அவர் சொன்ன வரலாறு எந்தப் பாடபேதத்தினும் சுவையாக இருந்தது.

1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர், பண்ணை வீடுகளில் வாழ்ந்த சிசுக்கள் நீலம் பாரித்து வந்ததைப் பற்றி எழுதினார். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இல்லை. அவர்களுக்குப் பால் கரைத்த கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது. நைத்திரேற்று உடலினுள் பற்றீரியாக்களால் நைத்திரைற்றாக மாறும். அது குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை மாற்றி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைப் பறித்துவிடும். வளர்ந்தவர் உடல் அதனை மீட்டுக்கொள்ளும்; பிறந்து மூன்று மாதங்கள் கூட ஆகாத சிசுவுக்கு அம்மீட்சிக்கு வேண்டிய நொதியம் போதாது. பின்னர் 1951 இல் கிரகம் வோல்ற்றன் என்பவர், அமெரிக்க மாநிலங்களிற் பதிவான இத்தகைய சம்பவங்களைத் திரட்டினார். 278 சிசுக்கள், அவற்றுள் 39 மரணங்கள். நீரின் அளவு தெரிந்திருந்த 214 சம்பவங்களைப் பிரித்துப் பார்த்தபோது, நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. 10 இற்கும் 20 இற்கும் இடையில் ஐந்து. அதற்கு மேலே இலக்கங்கள் விரைந்து ஏறின. அந்த ஒன்றுமில்லாத இடத்திலேதான் கோடு கீறப்பட்டது.

இதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஒன்று. பெரும்பாலான இரசாயனப் பொருள்களுக்கு எல்லை வகுக்கும்போது, விலங்குகளில் தீங்கு காணப்படாத அளவை எடுத்து நூறால் வகுப்பர். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்து. மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. 1954 இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த லேமன், பிற்ஸ்ஹியூ என்னும் இருவர் எடுத்துரைத்த வழக்கம் இது. ஏன் பத்து என்று கேட்டால், எமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் என்று சொல்வதைவிட வலிமையான காரணம் தொடக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. நைத்திரேற்றுக்கோ அந்த நூறு இல்லை. அளவு விலங்கிலிருந்து பெறப்படவில்லை. மனிதருள் மிக மெலிந்தவரிடமிருந்தே, அதாவது நோயுற்ற சிசுக்களிடமிருந்தே, பெறப்பட்டது. ஆகவே வகுப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. ஐம்பது என்னும் அந்த இலக்கத்தின் அடியில் பிள்ளைகள் கிடக்கின்றனர். இதனை அறிந்தபின் அதனை வெறும் இலக்கமாக என்னால் எழுத முடியவில்லை.

கூரிய வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும்: பத்து என்றீர், ஐம்பது என்றீர், எது சரி? இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நைதரசனை மட்டும் நிறுத்தால் ஓர் இலக்கம். அதனோடு சேர்ந்த ஒட்சிசனையும் நிறுத்தால் அதைப்போல் நாலரை மடங்கு இலக்கம். இந்தச் சிறு வேறுபாடு எத்தனை குழப்பத்தை விளைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் அறிக்கையில் 15 என்று கண்ட வீட்டார் மகிழ்கின்றனர்; வேறோர் அறிக்கையில் 40 என்று கண்டவர் கலங்குகின்றனர். முன்னதே எல்லையைக் கடந்தது. பின்னது எல்லைக்குள் உள்ளது. எங்கள் அறிவித்தலில் எந்த அளவுமுறை என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தடித்த எழுத்திற் போடவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றதன் பொருள் அப்போதே விளங்கிற்று.

அறிவித்தலின் உயிர்நாடியான வாக்கியம் ஒன்று இருந்தது. அது கொதிநீர் பற்றியது. எம்மவரின் சுகாதார அறிவில் தலைமுறைகளாக வேரூன்றிய ஒரு வழக்கம், குழந்தைக்குக் கொதித்தாறிய நீர் கொடுப்பது. கிருமிகளுக்கு அது மிகச் சரியான மருந்து. நைத்திரேற்றோ கொதித்து ஆவியாகிப் போகும் பொருளன்று. நீர் ஆவியாகும், நைத்திரேற்று பானையிலேயே தங்கும். நெடுநேரம் கொதிக்கவைக்கும் கவனமுள்ள தாயின் பானையிலேயே அது சிறிது செறிவடைந்திருக்கும். அக்கறை மிகுந்த கை அறியாமலே செறிவைக் கூட்டுகின்றது என்பதை ஓர் இளந்தாய் குற்றவுணர்ச்சி கொள்ளாதவாறு எழுதுவது எப்படி? அப்போது எங்கள் வீட்டிலேயே அண்ணாவின் மகன் பிறந்து நாற்பது நாள்கள். அண்ணிக்குப் பால் போதாமையால் புட்டிப்பாலும் கொடுத்துவந்தனர். நீர் எங்கள் கிணற்று நீர், நன்றாகக் கொதித்தாறியது.

அக்கா அறிக்கையைப் பார்த்த அன்றே வீட்டுக்கு வந்து, நீர் வழங்கல் சபையின் குழாய் நீர் கிடைக்கும் இடத்திலிருந்து குழந்தைக்குத் தனியாக நீர் எடுக்க ஏற்பாடு செய்தார். ஆச்சிக்கு அது பொறுக்கவில்லை. “பிள்ளை, ஏழு பிள்ளையை இந்தத் தண்ணியிலை வளர்த்தனான். எங்கட தண்ணியிலை என்ன குறை?” என்று கேட்டார். அது எளிதிற் புறந்தள்ளத்தக்க வினா அன்று. அவருடைய ஏழு பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள்; தாய் அருந்தும் நீரின் நைத்திரேற்று தாய்ப்பாலிற் செறிவதில்லை. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் கிணற்றில் 68 இருந்திருக்கவும் நியாயமில்லை. இதை அக்கா சொல்லவில்லை. “குறை தண்ணியிலை இல்லை ஆச்சி, இவன் இன்னும் சின்னவன். கொஞ்சம் வளரட்டும்” என்று மட்டும் சொன்னார். குழந்தைக்கு எதுவும் நேரவில்லை. நேர்ந்திருக்கும் என்றும் எவராலும் சொல்ல இயலாது. நைத்திரேற்று மட்டும் போதுமா, அதனோடு வயிற்றோட்டமோ கிருமியோ சேர்ந்தாற்றான் நீல நோய் வருமா என்று அறிஞரிடையே இன்றும் விவாதம் உண்டு. விவாதம் முடியும்வரை குழந்தை தாகத்தோடு காத்திராதல்லவா?

முதல் வரைவில் நான் இரண்டு வடிவங்களை எழுதியிருந்தேன். ஒன்றில் நீர் நஞ்சு. மற்றதில் பெரியோர் அஞ்சவேண்டியதில்லை. எதை வேண்டுமானாலும் தெரிவுசெய்க என்று அனுப்பினேன். அக்காவின் விடை தொலைபேசியில் வந்தது: “நஞ்செண்டும் எழுதாதை, பயமில்லையெண்டும் எழுதாதை. இரண்டும் பொய்.” அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியை நினைவூட்டினேன். பாரசெல்சசு என்னும் ஐரோப்பிய வைத்தியர் பதினாறாம் நூற்றாண்டிற் சொன்னதாக நஞ்சியல் மாணவர் முதல் நாளிற் படிப்பதும் அதுவேயாம். பழமொழி நல்லது, ஆனால் எவருடைய அளவு என்பதை அது சொல்லவில்லை என்றார் அக்கா. வளர்ந்தவருக்கு உடனடித் தீங்கு இல்லை என்பது உண்மை. ஆனால் உடலினுள் நைத்திரசோ சேர்வைகள் தோன்றத்தக்க நிலைமைகளில், உட்கொண்ட நைத்திரேற்று மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனச் சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2010 இல் வெளியிட்ட நூல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே பயமில்லை என்று எழுத இயலாது.

‘வழமை’ என்னும் சொல்லாலும் ஒரு சச்சரவு ஏற்பட்டது. இப்பகுதிக் கிணறுகளில் வழமையாகக் காணப்படும் அளவு என்றொரு தொடரை நான் எழுதியிருந்தேன். அக்கா அதனை வெட்டிவிட்டு, கிளேயர் பற்றர்சன் என்பவரைப் பற்றி வாசிக்கச் சொன்னார். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956 இல் நிலைநாட்டிய அமெரிக்கப் புவியிரசாயனவியலாளர் அவர். அவ்வளவீட்டுக்கு ஈயத்தை மிக நுண்ணியதாக அளக்கவேண்டியிருந்தது. அளக்கப் போனால் ஆய்வுகூடத்தின் காற்றிலும் தூசியிலும் கண்ணாடியிலும் எங்கும் ஈயம். அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர், பெற்றோலிற் சேர்க்கப்பட்ட ஈயத்திடம் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் இவ்விடயத்தில் மறுப்பாரற்ற அதிகாரியாக விளங்கியவர் றொபேட் கீஹோ என்னும் வைத்தியர். ஈயப் பெற்றோலை விற்ற தொழில்துறையின் ஆலோசகரும் அவரே. எல்லோருடைய குருதியிலும் ஈயம் இருக்கின்றது, அது இயற்கை, தீங்கை நிறுவும்வரை அஞ்சவேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1965 இல் பற்றர்சன் எழுதிய கட்டுரையின் ஆணிவேர் ஒரு சொல்வேறுபாடே: எங்கும் காணப்படுவது வழமை; அது இயற்கையாகிவிடாது. தொழிற்சாலைக் காலத்துக்கு முந்திய மனித உடலில் இதன் சிறு பங்கே இருந்திருக்கும் என அவர் வாதிட்டார். பின்னர் கிறீன்லாந்தின் பனிப்படைகளை ஆண்டுவரிசையில் அளந்து, ஈயம் எவ்வாறு ஏறிவந்தது என்பதையும் காட்டினார். அதற்கான விலையையும் கொடுத்தார். எண்ணெய்த் தொழில்துறையின் ஆராய்ச்சி நிதி நின்றது, 1971 இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய்ந்த தேசியக் குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அமெரிக்க வீதிகளில் ஈயப் பெற்றோல் 1996 இல் ஒழிந்தது. உலகின் கடைசி நாடாக அல்சீரியா 2021 இல் அதன் விற்பனையை நிறுத்தியது. வழமைக்கும் இயற்கைக்கும் இடையே ஒரு மனிதர் கீறிய கோடு, உலகைச் சுற்றிவர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது.

அறிவித்தலில் ‘வழமையாக’ என்பது இப்போது இல்லை. ‘இன்று காணப்படும் அளவு’ என்றிருக்கிறது.

கடினமான வாசகர் அப்பாவாகவே இருந்தார். அவர் தோட்டக்காரர். காரணங்கள் என்னும் பகுதியில் ‘பயிருக்கு மிகையாக இடப்படும் பசளை’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தாளை மடித்து மேசையில் வைத்தார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் என்னுமாறு தடைசெய்யப்பட்டதையும், விளைச்சல் விழுந்து விலைகள் ஏறியபின் அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதையும் நாடறியும். அந்தப் போகத்தில் எங்கள் வெங்காயம் முற்றாமற் போயிற்று. அம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. “போன வருசம் பசளை இல்லையெண்டு நிண்டம். இந்த வருசம் பசளை கூடிப்போச்செண்டு என்ர பிள்ளையே எழுதுறாள்” என்றார் அப்பா. வீட்டில் அன்றிரவு எவரும் பேசவில்லை.

என் கருத்தைக் கூறுவதானால், அந்தத் தடை இரசாயனத்தை அஞ்சியவர்களின் செயலேயன்றி அளந்தவர்களின் செயலன்று. எந்த மண்ணில், எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எத்தனை தடவையாக என்னும் வினாக்களில் ஒன்றுகூட அங்கே கேட்கப்படவில்லை. கிணறு ஆழம் என்பதற்காக ஊரிலுள்ள கிணறுகளையெல்லாம் தூர்ப்பது போன்றது அது. ஆனால் அத்தடை தவறு என்பதால் எங்கள் கிணற்றின் 68 குறைந்துவிடப் போவதுமில்லை. இவ்விரண்டையும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் வைத்துப் பேசவேண்டிய நிலை என் அக்காவுக்கு. பற்றர்சனுக்கு எதிரே நின்றது எண்ணெய்த் தொழில்துறை. அக்காவுக்கு எதிரே நின்றது, அவரைப் படிப்பித்த வெங்காயம்.

மறுநாட் காலை அக்கா அப்பாவிடம் போய், ‘மிகையாக’ என்பதற்குத் தோட்டக்காரர் என்ன சொல் சொல்லுவர் என்று கேட்டார். அப்பா உடனே விடை தரவில்லை. பின்னேரம் இறைப்பு முடிந்து வந்து, பயிர் எடுக்கக்கூடியதைவிடக் கூடப் போட்டால் அது தண்ணியோடை போகும், அதற்குப் பெயரில்லை, வீண் என்றுதான் சொல்லுவம் என்றார். மண்ணியற் பேராசிரியர் ஒருவர் இதனிலும் செம்மையாகக் கூறியிருக்க முடியுமோ என்பது ஐயமே. ‘பயிர் எடுக்காது வீணாகி நீரோடு இறங்கும் பசளை’ என்று அறிவித்தல் திருத்தப்பட்டது. மலகூடக் குழிகள், மாட்டெரு ஆகியவை அதற்கு முன்னே வைக்கப்பட்டன. அது அகரவரிசை முறை என்று அக்கா சொன்னார். அகரவரிசைப்படி பார்த்தாற் பசளையே முன்னே வரவேண்டும் என்பதைத் தமிழ் மாணவன் ஆகிய நான் சுட்டிக்காட்டவில்லை.

இறுதி வடிவத்தில் ஏழு வாக்கியங்கள் இருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட கிணறுகளின் நீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் இது நீங்காது. தாய்ப்பால் கொடுக்கும் தாய் அதனை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையின் உதடோ நகமோ நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வேறு நீர் பெறத்தக்க இடங்கள் இவை. எஞ்சிய இரண்டு வாக்கியங்கள் வளர்ந்தோர் பற்றியும் காரணங்கள் பற்றியும் அமைந்தன. குடும்பநல உத்தியோகத்தர் அதனை வீடுவீடாகக் கொண்டுபோனார். வாசிகசாலைச் சுவரில் ஒட்டியதை இரண்டாம் நாளே யாரோ கிழித்துவிட்டனர், மீண்டும் ஒட்டப்பட்டது. எங்கள் நிலத்தின் விலையை விழுத்தப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். வேறொருவர் தம் கிணற்றையும் சோதிக்கும்படி போத்தலோடு வந்து எங்கள் படலையில் நின்றார். அது சோடாப் போத்தல். அக்கா அதனை ஏற்கவில்லை, சரியான போத்தலைக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஆண்டு மாரிக்குப் பின் அதே கிணறுகளில் மறுபடியும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. விடுமுறையில் நின்ற நான் பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து உடன்சென்றேன். எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் அக்கா கொப்பியைத் திறந்து, ஊரிலுள்ள மற்றத் தோட்டக்காரரிடம் வினவிய அதே முறையில் அப்பாவிடம் வினவினார். அப்பா இம்முறை யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் மூன்று தடவையாகப் பிரித்து, முன்னையதிலும் குறைவாகப் போட்டிருந்தார். அறிவித்தலைப் படித்ததனாலா என்று நான் ஆவலோடு கேட்டேன். யூரியா மூடை ஒன்றின் விலை என்னவென்று எனக்குத் தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்க்காமலே, மாற்றத்துக்கான காரணம் என்னும் நிரலில் ‘விலை’ என்று எழுதிக்கொண்டு, வாளியைக் கிணற்றினுள் இறக்கினார்.